பித்தப்பைக் கல்: அளவைப் பார்ப்பதா, அறிகுறியைப் பார்ப்பதா?

வயிற்று ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது கல்லின் அளவைப் பற்றித்தான். "12 மி.மீ. என்று போட்டிருக்கிறதே, பெரிய கல்லா டாக்டர்?" என்பார்கள். உடன் வந்த மகனோ மருமகளோ, "மொத்தம் எத்தனை கல் இருக்கிறது?" என்று தொடர்வார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் சிகிச்சை வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்யும்போது அளவுக்கும் எண்ணிக்கைக்கும் பலர் நினைக்குமளவு இடமில்லை. அந்தக் கல் இதுவரை உங்கள் உடலில் என்ன செய்திருக்கிறது என்பதையே நாங்கள் முதலில் அறிய விரும்புகிறோம். பெரிய கல்லை வயிற்றில் வைத்துக்கொண்டு அதை அறியாமலேயே முதுமை வரை நலமாக வாழ்ந்தவர்கள் உண்டு. கடுகளவுக் கல் ஒன்று பித்தநாளத்துக்குள் இறங்கியதால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்களும் உண்டு.

ஆகவே, எந்தக் கல்லை அப்படியே விட்டுவைக்கலாம், எதற்கு அறுவை சிகிச்சை தேவை, எந்த நிலையில் அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்பவற்றை இந்த இதழில் விளக்க முயல்கிறோம்.

பித்தப்பையின் பணி

கல்லீரல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 முதல் 1,000 மி.லி. வரை பித்தநீரைச் சுரக்கிறது. மஞ்சளும் பச்சையும் கலந்த இந்தக் கசப்பு நீர், பித்தநாளம் என்னும் குழாய் வழியாகச் சிறுகுடலை அடைந்து, உணவிலுள்ள கொழுப்பைச் செரிக்க உதவுகிறது. எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரத்தில் சோப்பு நீர் செய்யும் வேலையை ஒத்தது இது. நாம் உண்ணாத நேரத்தில் பித்தநீர் முழுவதும் குடலுக்குச் செல்வதில்லை. அதன் ஒரு பகுதி பித்தப்பையில் சேமிக்கப்படுகிறது. வலது விலா எலும்புகளுக்குக் கீழே, கல்லீரலின் அடிப்புறத்தை ஒட்டி, பேரிக்காய் வடிவில் 7 முதல் 10 செ.மீ. நீளத்தில் அமைந்த சிறு பை இது. அதன் கொள்ளளவு 30 முதல் 50 மி.லி. வரைதான். எனவே பித்தப்பை தன்னிடம் வரும் பித்தநீரிலுள்ள தண்ணீரை உறிஞ்சி, அதைச் செறிவாக்கி வைத்துக்கொள்கிறது. கொழுப்புள்ள உணவு சிறுகுடலை எட்டியதும் பை சுருங்கி, செறிந்த பித்தநீரைக் குடலுக்குள் அனுப்புகிறது.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்; பித்தப்பை அதைச் சேமித்து வைக்கும் கிடங்கு மட்டுமே. பித்தப்பையை எடுத்துவிட்டால் உணவு எப்படிச் செரிக்கும் என்று கவலைப்படுவோர் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

இடையில் ஒரு சொல் குறித்துச் சொல்லியாக வேண்டும். 'பித்தம்' என்பது நம் பேச்சில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். வாதம், பித்தம், கபம் என்ற முப்பகுப்பில் அதற்கு வேறொரு பொருள் இருக்கிறது. காலையில் எழுந்ததும் வரும் தலைச்சுற்றலையும் வாய்க்கசப்பையும் பித்தம் என்று சொல்வது வழக்கம். ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரிந்தவுடன், பல ஆண்டுகளாக இருந்துவந்த தலைச்சுற்றலுக்கும் அதுவே காரணம் என்று குடும்பத்தினர் முடிவு செய்துவிடுகிறார்கள். பித்தப்பைக் கல் தலைச்சுற்றலை உண்டாக்குவதில்லை. கல்லை நீக்கியபின் தலைச்சுற்றல் அப்படியே தொடர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

கல் உருவாகும் விதம்

பித்தநீரில் கொலஸ்ட்ரால், பித்த உப்புகள், லெசித்தின் என்னும் கொழுப்புப் பொருள் ஆகியவை ஒரு சமநிலையில் கரைந்திருக்கின்றன. கொலஸ்ட்ரால் மிகுந்துவிட்டாலும், பித்தப்பை சரிவரச் சுருங்காமல் பித்தநீர் நெடுநேரம் தேங்கிவிட்டாலும், அது நுண்ணிய படிகங்களாகப் பிரிகிறது. படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மணல்போலாகி, பின்னர் கல்லாகின்றன. இதற்குப் பல மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். இரத்தத்தில் கொலஸ்ட்ரால் சரியான அளவில் இருப்போருக்கும் இத்தகைய கல் உண்டாகலாம். இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் காட்டி, "கொலஸ்ட்ரால் இல்லையே, கல் எப்படி வந்தது?" என்று கேட்போருக்கு எங்கள் விடை இதுவே.

இன்னொரு வகை, நிறமிக் கற்கள். இரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற நிறமி உண்டாகிறது. அளவுக்கு மீறி அணுக்கள் உடையும் பரம்பரை இரத்தசோகை நோய்களிலும், கல்லீரல் சுருக்க நோயிலும் இந்நிறமி பித்தநீரில் படிந்து கரிய கற்களாக மாறுகிறது. சிறு வயதுப் பிள்ளைக்குப் பித்தப்பைக் கல் இருந்தால், இத்தகைய இரத்த நோய் ஏதேனும் உள்ளதா என்று நாங்கள் தேடிப் பார்ப்பது இதனால்தான்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு, குறிப்பாகக் கருவுற்றோருக்கும் பல முறை கருவுற்றோருக்கும் கொலஸ்ட்ரால் கற்கள் வரும் வாய்ப்பு அதிகம். ஈஸ்ட்ரோஜென் என்னும் பெண்மை இயக்குநீர் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது; கர்ப்ப காலத்தில் மிகும் மற்றோர் இயக்குநீர் பித்தப்பையின் சுருக்கத்தைத் தளர்த்துகிறது. நாற்பது வயதைக் கடந்தோர், உடல் பருமன் உள்ளோர், நீரிழிவு நோயாளிகள், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கல் இருந்தவர்கள் ஆகியோரும் இவ்வரிசையில் வருவர். பருமனைக் குறைப்பது நல்லது. ஆனால் பட்டினி கிடந்து ஓரிரு மாதங்களில் பெருமளவு எடையைக் குறைப்பதும் கல்லை உண்டாக்கும். எடை வேகமாகக் குறையும்போது கல்லீரல் கூடுதலான கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் கலக்கிறது. உண்ணாதிருப்பதால் பித்தப்பையும் சுருங்காமல் கிடக்கிறது. திருமணத்துக்கு முன் அவசரமாக மெலிய முனையும் இளம்பெண்களைப் பெற்றோர் இந்த வகையிலும் கவனிக்க வேண்டும்.

தொல்லை தராத கல்

முழு உடல் பரிசோதனைக்காகவோ, கர்ப்ப கால ஸ்கேனிலோ, சிறுநீரகக் கல்லைத் தேடும்போதோ, எதிர்பாராமல் பித்தப்பைக் கல் கண்ணில் படுவதுண்டு. அதுவரை அவருக்கு அதனால் எந்தத் துன்பமும் இருந்திருக்காது. இத்தகைய கற்களை 'அமைதியான கற்கள்' என்று குறிப்பிடுகிறோம். பித்தப்பைக் கல் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் இந்த வகையினரே. இவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு மட்டுமே வலி முதலிய அறிகுறிகள் தோன்றுகின்றன. அப்படித் தோன்றும்போதும் பெரும்பாலும் வலிதான் முதலில் வரும். எந்த முன்னறிவிப்பும் இன்றி நேரடியாகப் பெரிய சிக்கல் ஏற்படுவது குறைவு.

ஆகவே அமைதியான கல்லுக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்பதே எங்கள் பொதுவான அறிவுரை. இதைச் சொன்னவுடன் சிலர் நிம்மதியோடு எழுந்து செல்கிறார்கள். சிலரோ, "பிறகு வெடித்துவிட்டால் என்ன செய்வது? இப்போதே எடுத்துவிடுங்கள்" என்று வற்புறுத்துகிறார்கள். எந்த அறுவை சிகிச்சையும் முற்றிலும் தீங்கற்றதன்று. வராமலே போகக்கூடிய துன்பத்துக்காக, இன்றே ஒரு சிறிய ஆபத்தை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. நீரிழிவு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அமைதியான கல்லை நீக்கும் வழக்கம் முன்பு இருந்தது; இன்று அது பரிந்துரைக்கப்படுவதில்லை.

விதிவிலக்குகள் உண்டு. கல் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் பித்தப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. அளவு உண்மையிலேயே பொருட்படுத்தப்படும் இடம் இது. கல்லோடு 1 செ.மீ.க்கு மேற்பட்ட சதைத் திரட்சி பித்தப்பையின் உட்சுவரில் காணப்பட்டாலும், சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகியிருந்தாலும், அணுக்கள் உடையும் பரம்பரை இரத்த நோய் இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும் பித்தப்பையை எடுத்துவிடுவது குறித்து ஆலோசிப்போம். கங்கைச் சமவெளி மாவட்டங்களில் பித்தப்பைப் புற்றுநோய் அதிகம் காணப்படுவதால், அப்பகுதி மருத்துவர்கள் இதில் எங்களைவிடச் சற்று விரைந்து முடிவெடுக்கக்கூடும். வட மாநிலங்களில் பணிபுரியும் மகனோ மகளோ வேறுவிதமான அறிவுரையைக் கேட்டு வந்தால் குழம்ப வேண்டாம்.

கல்லின் வலி எப்படி இருக்கும்?

கல் ஒன்று நகர்ந்து பித்தப்பையின் வாயை அடைக்கும்போது, பை அதை எதிர்த்துச் சுருங்க முயல்கிறது. அப்போது மேல்வயிற்றின் நடுவிலோ வலது விலாவுக்குக் கீழோ வலி தொடங்குகிறது. அது சிறிது நேரத்தில் உச்சத்தை அடைந்து, அங்கேயே நிலைத்து நிற்கும். விட்டுவிட்டு இழுக்கும் குடல் வலியைப் போன்றதன்று. வலது தோள்பட்டை எலும்புக்கும் முதுகுக்கும் பரவலாம். குமட்டலும் வாந்தியும் உடன் வரலாம். புரண்டு படுத்தாலும், ஏப்பம் விட்டாலும், மலம் கழித்தாலும் குறைவதில்லை. அரை மணி நேரம் முதல் சில மணி நேரம் வரை நீடித்து, கல் பின்வாங்கியதும் தானே அடங்கிவிடும். விருந்துணவுக்குப் பிறகோ நள்ளிரவிலோ வருவது வழக்கம்.

வலி தானே அடங்கிவிடுவதுதான் இதிலுள்ள சிக்கல். வீட்டில் ஓமத் தண்ணீரோ, இஞ்சிச் சாறோ, சோடாவோ கொடுத்திருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் வலி நின்றுவிடும். 'வாயுப் பிடிப்புதான்' என்று எல்லோரும் முடிவுக்கு வந்துவிடுவார்கள். அடுத்த திருமண விருந்துக்குப் பின் அதே வலி மீண்டும் வரும். இப்படி நான்கைந்து முறை வந்த வலியை வாயு என்றே கருதிக்கொண்டிருந்து, ஆறாம் முறை காய்ச்சலோடு வருவோரை நாங்கள் தொடர்ந்து பார்க்கிறோம். வலி எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்கு முன் என்ன உண்டார் என்பவற்றைக் கவனிப்பவர் ஒரு தாளில் குறித்துவைத்தால், பத்து நிமிட உரையாடலில் எங்களுக்குக் கிடைக்காத செய்தி அதில் கிடைக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வயிற்று உப்புசம், புளியேப்பம், நெஞ்செரிச்சல் ஆகியவை மட்டும் இருந்து, மேற்சொன்ன வலி ஒருமுறைகூட வராதவருக்கு ஸ்கேனில் கல் தெரிந்தால், அந்த உப்புசத்துக்குக் கல்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இரைப்பையில் புண்ணோ அமிலத் தொல்லையோ இருக்கலாம். முதலில் அதைப் பரிசோதித்து மருந்து கொடுத்துப் பார்ப்பதே முறை. உப்புசத்துக்காகப் பித்தப்பையை எடுத்துக்கொண்டவர் பின்னரும் உப்புசத்தோடு வந்து நிற்பது நோயாளிக்கும் எங்களுக்கும் வருத்தம் தரும் நிலை.

மேலும், மேல்வயிற்று வலி சில வேளைகளில் மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கும். எனவே வயிற்று வலி என்று சொல்லி வந்தவருக்கு ஈ.சி.ஜி. எடுப்பதைக் கண்டு, தேவையற்ற செலவு என்று எண்ண வேண்டாம்.

உண்மையான பித்தப்பை வலி ஒருமுறை வந்துவிட்டால், அது மீண்டும் வரும் வாய்ப்பு மிகுதி. சிக்கல்கள் ஏற்படும் வாய்ப்பும் அமைதியான கல் உள்ளவரைவிட இவருக்கு அதிகம். ஆகவே, அறுவை சிகிச்சைக்கான உடல் தகுதி இருக்குமானால், பித்தப்பையை அகற்றும்படி நாங்கள் பரிந்துரைக்கத் தொடங்குவது இந்த நிலையில்தான். அன்றே செய்ய வேண்டிய அவசரம் இல்லை. மகளின் தேர்வு முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று சில வாரங்கள் தள்ளி நாள் குறித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் கூடாது.

தாமதிக்கக் கூடாத நிலைகள்

வலி ஆறு மணி நேரத்தைக் கடந்தும் அடங்கவில்லை, அதோடு காய்ச்சலும் இருக்கிறது, வலது விலாவுக்குக் கீழே கை வைத்தாலே நோயாளி துடிக்கிறார் என்றால், அடைபட்ட பித்தப்பை அழற்சி அடைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். இது மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை. முன்பெல்லாம் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, ஆறு வாரம் கழித்து அறுவை சிகிச்சை செய்வது வழக்கமாக இருந்தது. இப்போது, அறிகுறி தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே, நோயாளி சேர்க்கப்பட்ட அதே முறையில் செய்துவிடுவதே பெரும்பாலோருக்கு நல்லது என்று தெரியவந்துள்ளது. நாட்கள் செல்லச் செல்லத் திசுக்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொள்வதால் அறுவை கடினமாகிறது. "இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டு அழைத்துவருகிறோம்" என்று குடும்பத்தினர் சொல்லும்போது நாங்கள் தயங்குவதற்கு இதுவே காரணம்.

சிறிய கற்களின் ஆபத்து வேறு வகையானது. பெரிய கல் பித்தப்பையின் குறுகிய கழுத்தைத் தாண்ட இயலாது. மிளகளவு, கடுகளவுக் கற்களோ வழுக்கிக்கொண்டு பித்தநாளத்தில் இறங்கிவிடும். அங்கே அவை அடைத்துக்கொண்டால், பித்தநீர் குடலுக்குச் செல்ல வழியின்றி இரத்தத்தில் ஏறுகிறது. கண்ணின் வெண்பகுதி மஞ்சளாகிறது, சிறுநீர் கறுந்தேநீர் நிறத்துக்கு மாறுகிறது, மலம் வெளுத்துக் களிமண் நிறமாகிறது, உடலெங்கும் அரிப்பெடுக்கிறது.

கண் மஞ்சளானால் முதலில் கீழாநெல்லியையோ, ஊரில் காமாலைக்கு மருந்து தருபவரையோ நாடுவது நம்மிடையே பரவலாக உள்ள பழக்கம். வைரஸ் கிருமியால் வரும் காமாலையில் பெரும்பாலானவை ஓய்வெடுத்தாலே சில வாரங்களில் தணிந்துவிடுவதால், கொடுத்த மருந்து பலித்ததாகத் தோன்றும். அடைப்பினால் வரும் காமாலை அப்படித் தணிவதில்லை. அடைப்பை நீக்கியாக வேண்டும். கண்ணைப் பார்த்து இவ்விரண்டையும் வேறுபடுத்த எவராலும் இயலாது. கல்லீரல் இரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் அன்றைக்கே அதைச் சொல்லிவிடும். எந்த மருந்தை உட்கொள்ள விரும்பினாலும், முதலில் அந்த இரண்டையும் செய்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

காமாலையோடு வயிற்று வலியும், குளிர் நடுக்கத்துடன் கூடிய காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் கடுமையானது. தேங்கிய பித்தநீரில் கிருமி பெருகி, இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கிறது என்பது இதன் பொருள். ழான் மார்த்தன் ஷார்க்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1877ஆம் ஆண்டிலேயே இம்மூன்று அறிகுறிகளையும் சேர்த்து எழுதிவைத்தார். இன்றும் மருத்துவ மாணவர்கள் அவர் பெயராலேயே இதைப் படிக்கிறார்கள். இந்நிலையில் நோயாளிக்குக் குழப்பமோ அரைமயக்கமோ வந்துவிட்டால், இரவா பகலா என்று பார்க்காமல் அழைத்துவர வேண்டும். மணிக்கணக்கில் ஏற்படும் தாமதமும் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

பித்தநாளமும் கணையத்தின் குழாயும் ஏறக்குறைய ஒரே வாயில் வழியாகக் குடலில் திறக்கின்றன. அங்கே சிறு கல் ஒன்று சிக்கிக்கொண்டால் கணையமும் அழற்சி அடைகிறது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்துச் செல்லும் கடும் வலியும், நிற்காத வாந்தியும் இதன் அடையாளங்கள். மது அருந்தும் பழக்கமே இல்லாத இல்லத்தரசிக்குக் கணைய அழற்சி வந்திருக்கிறது என்று சொன்னால் குடும்பத்தினர் திகைக்கிறார்கள். மதுவைப் போலவே பித்தப்பைக் கல்லும் இந்நோய்க்கு ஒரு முதன்மைக் காரணம். அழற்சி மிதமாக இருந்தால், அது தணிந்ததும் வீட்டுக்குச் செல்லும் முன்பே பித்தப்பையை அகற்றிவிடுவது நல்லது. இல்லையேல் சில வாரங்களுக்குள் அடுத்த தாக்குதல் வரக்கூடும்.

முதியோரைக் கவனிப்போருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எழுபதைக் கடந்தவர்களுக்கும் நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்கும் பித்தப்பை அழுகிப்போகும் நிலையிலும் வலி பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். உணவை மறுப்பது, சோர்ந்து படுத்தே கிடப்பது, இலேசான காய்ச்சல், கட்டுக்கடங்காமல் ஏறும் சர்க்கரை, இவ்வளவுதான் வெளியே தெரியும். 'வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள்.

பரிசோதனைகள்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே இதற்கு முதன்மையான பரிசோதனை. கதிர்வீச்சு இல்லாததால் கருவுற்றோருக்கும் செய்யலாம். உணவு உண்டால் பித்தப்பை சுருங்கிவிடும் என்பதால் ஆறு முதல் எட்டு மணி நேரம் உண்ணாமல் வரச் சொல்கிறோம். "எக்ஸ்ரே எடுத்தோம், கல் தெரியவில்லையே" என்று சிலர் சொல்வதுண்டு. பித்தப்பைக் கற்களில் பத்தில் ஒன்றோ, சற்றுக் கூடுதலோதான் எக்ஸ்ரேயில் தெரியும். பித்தப்பையில் உள்ள கல்லை ஸ்கேன் எளிதில் காட்டிவிடும். பித்தநாளத்தில் உள்ள கல்லைச் சில வேளைகளில் தவறவிடும். ஐயம் இருந்தால் எம்.ஆர்.சி.பி. என்ற காந்த அதிர்வு ஸ்கேன் எடுக்கிறோம். நாளத்தில் கல் உறுதியானால், வாய் வழியாக எண்டோஸ்கோபிக் குழாயைச் செலுத்திக் கல்லை எடுக்கும் ஈ.ஆர்.சி.பி. சிகிச்சை முதலில் செய்யப்படும். அதன்பின் பித்தப்பை அறுவை நடைபெறும். இரண்டும் ஒன்றல்ல, 'கல்லைத்தான் எடுத்தாகிவிட்டதே' என்று எண்ணி இரண்டாவதைக் கைவிடுவோர் பலர். கல்லை உற்பத்தி செய்த பை உள்ளேதான் இருக்கிறது.

கரைத்துவிட முடியாதா?

வாழைத்தண்டுச் சாறு பற்றிக் கேட்காத குடும்பமே இல்லை எனலாம். சிறுநீரகத்துக்கும் பித்தப்பைக்கும் இடையே குழாய்த் தொடர்பு எதுவும் இல்லை. இருவகைக் கற்களின் வேதிப்பொருள்களும் வெவ்வேறானவை. ஆதலால் நிறையத் தண்ணீர் குடிப்பதோ வாழைத்தண்டோ பித்தப்பைக் கல்லை வெளியேற்றாது. உணவாக உண்பதில் தடையில்லை.

ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து குடித்தால் மறுநாள் பச்சை நிறக் கற்கள் மலத்தில் வெளியேறும் என்று ஒரு காணொளி கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவ்வாறு வெளியேறுபவை அந்த எண்ணெயே குடலில் சோப்புக் கட்டிகளாகத் திரண்டவை. மறுபடி ஸ்கேன் எடுத்தால் கற்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். தவிர, ஒரே வேளையில் அவ்வளவு எண்ணெயைக் குடித்தால் பித்தப்பை வலுவாகச் சுருங்கி, சிறு கல்லை நாளத்துக்குள் தள்ளிவிடவும் கூடும்.

அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்ற மாத்திரை உண்மையிலேயே சில கற்களைக் கரைக்கும். கல் சிறியதாகவும், சுண்ணாம்பு கலவாத கொலஸ்ட்ரால் கல்லாகவும், பித்தப்பை நன்கு சுருங்குவதாகவும் இருக்க வேண்டும். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை விடாமல் உட்கொள்ள வேண்டும். கரைந்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஐந்தாண்டுகளுக்குள் மீண்டும் கல் உருவாகிறது. எனவே அறுவை சிகிச்சை செய்துகொள்ள இயலாத சிலருக்கு மட்டுமே இதைத் தருகிறோம். சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைப்பதுபோல் பித்தப்பைக் கல்லையும் உடைக்கும் முறை 1980களில் வந்தது. உடைந்த துண்டுகள் குறுகிய பித்தநாளம் வழியாகவே இறங்க வேண்டியிருந்ததாலும், கல் மீண்டும் உருவானதாலும் அது நிலைக்கவில்லை.

அறுவை சிகிச்சை

பித்தப்பையை முதன்முதலில் அகற்றியவர் பெர்லின் நகரின் கார்ல் லாங்கன்புக்; ஆண்டு 1882. கல்லை மட்டும் எடுத்தால் மீண்டும் உருவாகிறது, பையையே எடுத்துவிட வேண்டும் என்று அவர் அன்று கூறியது இன்றும் மாறவில்லை. நூறாண்டுக்கு மேல் இந்த அறுவை வயிற்றின் வலப்புறத்தில் நீண்ட கீறலிட்டே செய்யப்பட்டது. 1965இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், சட்டையை உயர்த்தித் தம் தழும்பைச் செய்தியாளர்களுக்குக் காட்டினார். அந்தப் புகைப்படத்தைப் பார்த்தால் கீறலின் நீளம் புரியும். 1985இல் ஜெர்மனியில் எரிக் மியூஹ என்ற மருத்துவர் லேப்ராஸ்கோபி மூலம் பித்தப்பையை அகற்றினார். இந்தியாவில் 1990ஆம் ஆண்டு மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹம்டன் உட்வாடியா இம்முறையைத் தொடங்கிவைத்தார்.

இம்முறையில் தொப்புளருகில் ஒன்றும் மேல்வயிற்றில் மூன்றுமாக நான்கு சிறு துளைகள் இடப்படுகின்றன. வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கி, கேமரா காட்டும் படத்தைத் திரையில் பார்த்தபடி பித்தப்பையைப் பிரித்து எடுக்கிறோம். முழு மயக்கம் தேவை. பெரும்பாலோர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீடு திரும்புகிறார்கள். அழற்சி மிகுந்து உறுப்புகள் தெளிவாகத் தெரியாதபோது, நடுவிலேயே வழக்கமான பெரிய கீறல் முறைக்கு மாறுவோம். வெளியே காத்திருக்கும் உறவினருக்கு இச்செய்தி வரும்போது, ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம். நோயாளியின் பாதுகாப்புக்காக எடுக்கப்படும் முடிவு அது. இந்த அறுவையில் நாங்கள் மிகவும் அஞ்சி எச்சரிக்கையோடு இருப்பது பித்தநாளத்தில் காயம் ஏற்படுவதைக் குறித்தே. ஆயிரம் பேரில் மூவர் முதல் ஐவர் வரை இது நேரலாம். நேர்ந்தால் மேலும் ஒரு பெரிய சிகிச்சை தேவைப்படும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்வோர் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கருவுற்ற பெண்ணுக்கு அறுவை தவிர்க்க முடியாததானால், நடு மூன்று மாதங்கள் ஏற்ற காலம். அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருப்போர் பூரி, வடை, பிரியாணி, தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்பு போன்றவற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது. இதனால் கல் கரையாது. வலி வரும் வாய்ப்பு குறையும். வேளை தவறி உண்பதையும் தவிருங்கள்.

வீடு திரும்பிய பின்

முதல் இரண்டு நாட்கள் தோள்பட்டையில் வலி இருக்கலாம். வயிற்றுக்குள் செலுத்திய வாயுவே இதற்குக் காரணம். எழுந்து நடந்தால் குறையும். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், மோர் என்று தொடங்கி, சில வாரங்களில் வழக்கமான உணவுக்கு வந்துவிடலாம். வாழ்நாள் முழுவதும் பத்தியம் இருக்கத் தேவையில்லை. பித்தநீர் இப்போது கிடங்கில் தங்காமல் நேராகக் குடலுக்குச் செல்வதால், சிலருக்குச் சில காலம் மலம் இளகிப்போகலாம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். மேசைப் பணி செய்வோர் ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பலாம். மூட்டை சுமப்போரும் வயல் வேலை செய்வோரும் நான்கு வாரம் பொறுக்க வேண்டும். காய்ச்சல், கண்ணில் மஞ்சள், நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, துளையிட்ட இடத்தில் சீழ் அல்லது பச்சை நிற நீர்க்கசிவு, இவற்றில் ஒன்றேனும் தென்பட்டால், மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே வந்துவிடுங்கள்.

அகற்றிய பித்தப்பையை நாங்கள் திசுப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். மிகச் சிலருக்கு, ஸ்கேனில் தெரியாத புற்றுநோயின் தொடக்கம் அதில் கண்டறியப்படுவதுண்டு. அறிக்கை வரச் சில நாட்கள் ஆகும். தையல் பிரிக்க வரும் நாளில், கல்லைக் காட்டச் சொல்லிக் கேட்பவர்கள்கூட இந்த அறிக்கையைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். அதைக் கேட்டு வாங்கி, மருத்துவரிடம் காட்டியபின், பழைய ஸ்கேன் அறிக்கைகளோடு சேர்த்து வீட்டில் வைத்திருங்கள்.